நீரே தெருவான நகருக்கு முதற் பயணம்

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில், "இம்முறை எங்கே?" என்ற கேள்வி எழுவது வழக்கம். பெரும்பாலும் வேளாங்கண்ணி என்றே விடையும் கிடைக்கும். அன்னையின் திருத்தலத்திற்கு ஆண்டுதோறும் சென்றுவரும் நல்வழக்கத்தை மாற்றச் சொல்லி நாங்கள் இதை எழுதவில்லை. ஆனால், பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த ஆசையொன்று ஏதேனும் ஒரு வீட்டில் இருக்கக்கூடும். அதை நிறைவேற்றும் நாள் வரும்போது, திட்டமின்றிப் புறப்பட்டுப் பணத்தையும் மன அமைதியையும் ஒருங்கே இழந்து திரும்பும் குடும்பங்கள் பல. அந்த இழப்பை நாங்களே ஒருமுறை அனுபவித்தோம். மறுமுறை திட்டமிட்டுச் சென்று நிறைவோடு திரும்பினோம். அவ்விரண்டு பயணங்களும் கற்பித்தவற்றை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் ஊரினர். சென்று வந்த நகரம் கேரளத்து ஆலப்புழை.

ஏன் ஆலப்புழை?

கால்வாய் நகரம் என்றதும் பலர்க்கும் இத்தாலி நாட்டு வெனிஸ் நினைவுக்கு வரும். 118 சிறு தீவுகளின்மேல் எழுந்த அந்நகரின் மறைமுதுவர்களாக விளங்கிய மூவர் இருபதாம் நூற்றாண்டில் திருத்தந்தையராயினர். புனித பத்தாம் பத்திநாதரும், புனித இருபத்துமூன்றாம் அருளப்பரும், முதலாம் அருள் சின்னப்பருமே அம்மூவர். இன்று அந்நகரைக் காணச் செல்வோர் பெருகிவிட்டமையால், 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், குறிப்பிட்ட சில நாள்களில் பகற்பொழுது மட்டும் வந்து செல்வோரிடம் நுழைவுக் கட்டணம் பெறும் முறையும் அங்கே வந்துவிட்டது. அவ்வளவு தொலைவு செல்ல நம்மில் எத்தனை பேரால் இயலும்? ஆனால், 'கிழக்கின் வெனிஸ்' என்று கர்சன் பிரபு புகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஆலப்புழை, நமக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது.

ஆலப்புழையின் கால்வாய்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. 1762-இல் அங்கே துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர்த் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராஜா கேசவதாசர் அந்நகரை வணிகத் தலமாக வளர்த்தார். கிழக்கே வேம்பநாட்டுக் காயல், மேற்கே கடல். இவ்விரண்டையும் இணைத்து, மிளகும் கொப்பரையும் கயிறும் படகிலேயே துறைமுகம் வந்து சேரக் கால்வாய்கள் அமைந்தன. நகரின் நடுவே இன்றும் ஓடும் வாடைக் கால்வாயும் வணிகக் கால்வாயும் அக்காலத்தின் சாட்சிகள். 1859-இல் ஜேம்ஸ் டாராக் என்பவர் முதல் தென்னை நார்த் தொழிற்சாலையை இங்கே தொடங்கினார். 1862-இல் எழுந்த கலங்கரை விளக்கம் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. துறைமுகத்தின் ஆரவாரம் அடங்கிவிட்ட போதிலும் கால்வாய்கள் மட்டும் மக்களை விட்டுப் பிரியவில்லை.

நகருக்குக் கிழக்கே பரந்து கிடப்பது குட்டநாடு. நம் பழைய உரையாசிரியர்கள் கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டு என்று எண்ணியபோது அவற்றுள் ஒன்றாகக் குறித்த 'குட்டம்' இதுவே. வரப்பு கட்டி நீரை வெளியேற்றி, கடல் மட்டத்திற்குத் தாழ்ந்த நிலத்தில் நெல் விளைவிக்கும் இவ்வேளாண் முறையை, உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் மரபுச் சிறப்புடைய ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஏரி நிரம்பினால் திருவிழாக் கொண்டாடும் ஊர் நம்முடையது. அங்கோ நீர் வடிந்தால்தான் நிம்மதி. எங்கள் ஊர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் 'கால்' என்னும் சொல் தமிழில் வாய்க்காலையும் குறிக்கும். வாய்க்காலில் நீர் வரக் காத்திருக்கும் நாம், வாய்க்காலே தெருவாகிப்போன ஊரைக் காண்பது நல்லதொரு படிப்பினை அன்றோ?

திட்டமின்றிச் சென்ற கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுள் இரு குடும்பத்தார் ஆலப்புழைக்குச் சென்றோம். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் எங்கள் திட்டம்! புகைவண்டி நிலைய வாயிலிலேயே ஒருவர் எங்களைக் கண்டுகொண்டார். அவர் காட்டிய நிழற்படத்தை நம்பி வீட்டுப்படகு ஒன்றுக்குப் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்தோம். ஓர் இரவும் பகலும் காயலெங்கும் உலாவுவோம் என்பது எங்கள் எண்ணம். நண்பகலில் ஏறினோம். மாலை ஐந்தரை மணிக்குப் படகைக் கரையோரம் கட்டிவிட்டனர். இரவு முழுவதும் கொசுக்கடி, குழந்தைகளின் அழுகை. காலை ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டனர். சண்டையிட்டோம், பயனில்லை.

உண்மையில் அந்தப் படகோட்டி தவறேதும் செய்யவில்லை. மாலைக்குப்பின் மீனவர் வலை விரிக்கும் நேரமாதலால் வீட்டுப்படகுகள் ஓடக் கூடாது என்பது அங்குள்ள விதி. நண்பகலில் ஏறி, மறுநாள் காலை இறங்குவதே பொது வழக்கம். ஆக, ஓரிரவுக்குக் கொடுக்கும் பணத்திற்குப் படகு உண்மையில் ஓடுவது ஏறத்தாழ ஐந்து மணி நேரமே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நாங்கள் கேட்கவில்லை. அறியாமைக்கு நாங்கள் செலுத்திய அபராதம் அது.

ஒரு பாட்டியின் ஆசை

இரண்டாம் பயணத்திற்குக் காரணமாயிருந்தவர் எங்கள் வீட்டுப் பாட்டி. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தபோது, கூட்டத்தில் ஒருவராய் அவரைக் காணச் சென்றவர் அவர். அப்பயணத்தில்தான், பிப்ரவரி 8-ஆம் நாள் கோட்டயத்தில் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா அடிகளாரையும் அல்போன்சா அம்மையாரையும் திருத்தந்தை அருளாளர்களாக அறிவிக்கவிருக்கிறார் என்று கேள்விப்பட்டார். 'படகில்தான் போக வேண்டும் அந்தச் சாமியார் பிறந்த வீட்டுக்கு' என்று யாரோ ஒருவர் சொன்னது அவர் மனத்தில் பதிந்துவிட்டது. அன்று முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக அது அவருடைய ஆசை. பிள்ளைகளின் படிப்பு, பெண்களின் திருமணம், வீட்டுக் கடன் என்று ஆண்டுகள் ஓடின. இப்போது முழங்கால்கள் இடம் தரவில்லை. "இந்த வருஷம் போகலைன்னா நான் போட்டோவுலதான் பாக்கணும்" என்றார் ஒரு நாள். அந்தச் சொல் எங்களைச் சுட்டது. மூன்று குடும்பங்கள், பதினொரு பேர், கூடிப் பேசித் திட்டமிட்டோம். வீட்டில் மிகவும் தளர்ந்தவர் யாரோ அவருடைய கால்களைக் கொண்டு நாள்களை அளப்பது என்பதே எங்கள் முதல் தீர்மானம்.

எப்போது செல்வது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2018 ஆகஸ்டில் குட்டநாடு முழுவதும் வெள்ளத்தில் ஆழ்ந்து, மக்கள் பெருங்கூட்டமாய் வெளியேற நேர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சிறு குழந்தைகளும் முதியோரும் உடன்வரும் முதற் பயணத்திற்கு அம்மாதங்கள் ஏற்றவை அல்ல. நேரு கோப்பைப் படகுப் போட்டி 1952-இல் பண்டித நேருவின் வருகையையொட்டித் தோன்றியது. மரபுப்படி அது ஆகஸ்டு இரண்டாம் சனிக்கிழமை புன்னமடைக் காயலில் நடைபெறும். அண்மை ஆண்டுகள் சிலவற்றில் நாள் மாறியதும் உண்டு. அதைக் காண விரும்புவோர் அதற்கென்றே தனியாகத் திட்டமிடுதல் வேண்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய உள்ள காலம் இதமானது. ஆயினும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் அறை வாடகையும் படகு வாடகையும் ஏறிவிடும். ஜனவரி 20-ஆம் நாளை ஒட்டி, ஆலப்புழைக்கு வடக்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டரில் உள்ள அர்த்துங்கல் பசிலிக்காவில் புனித செபஸ்தியாரின் பெருவிழா நடைபெறும். கடற்கரையிலிருந்து கோயில் வரை முழங்காலால் நகர்ந்து வரும் பக்தர்களை அன்று காணலாம். ஆனால் கூட்டம் மிகுதி. முதியோரோடு செல்வோர் விழா நாளைத் தவிர்த்தலே நலம். நாங்கள் தேர்ந்தது பிப்ரவரி முதற் பகுதி. குழந்தைகளுக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் பள்ளியில் விடுப்புக் கேட்டோம்.

நம் ஊரார் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. புறப்படும் நாளும் திரும்பும் நாளும் பௌர்ணமியாக இருத்தல் ஆகாது. கிரிவலத்திற்கு வரும் பெருங்கூட்டத்தால் பேருந்தில் இடம் கிடைப்பதும், உரிய நேரத்தில் ஊரைக் கடப்பதும் அரிது. கார்த்திகைத் தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நாள்காட்டியைப் பார்த்த பின்னரே பயணச்சீட்டைத் தொடுதல் வேண்டும்.

பணம் எங்கிருந்து?

கடன் வாங்கிச் செல்லும் பயணம் வீட்டுக்கு வந்தபின்னும் முடிவதில்லை; மாதந்தோறும் தவணையாய்த் தொடரும். ஆகவே கடனில்லை என்பது எங்கள் இரண்டாம் தீர்மானம். மூன்று குடும்பங்களும் மாதம் 1,500 ரூபாய் வீதம் பத்து மாதம் ஒரு பொதுப் பெட்டியில் போட்டோம். 45,000 ரூபாய் சேர்ந்தது. புகைவண்டி, தங்கல், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்தும் படகும், எதிர்பாராச் செலவு என்று அதை ஐந்து உறைகளில் பிரித்தோம். ஐந்தாம் உறையைத் திறக்க மூவரின் ஒப்புதலும் வேண்டும் என்று விதித்துக்கொண்டோம். இவ்வேற்பாடு சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பயணத்தில் கணவன் மனைவிக்கிடையே எழும் பூசல்களுள் பாதி, 'யார் எவ்வளவு செலவு செய்தது' என்பதிலிருந்தே பிறப்பவை என்பதைக் குடும்பத்தலைவியர் அறிவர்.

செல்லும் வழி

சென்னை நடுவண் நிலையத்திலிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் இரவு விரைவு வண்டி காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, பாலக்காடு, எர்ணாகுளம் வழியாகச் சென்று மறுநாள் முற்பகலில் ஆலப்புழை சேரும். வேங்கிக்கால் வேலூர்ச் சாலையிலேயே இருப்பதால் எங்களுக்குக் காட்பாடியே எளிது. போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர், அங்கிருந்து காட்பாடி. வண்டி இரவில்தானே என்று மாலை வரை வீட்டில் தங்கிவிடாமல், பிற்பகலிலேயே புறப்படுதல் நன்று. நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருப்பது, ஓடும் வண்டியைத் துரத்துவதினும் மேலானது.

முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கை நம்பிக் குழம்ப வேண்டாம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆதலால் அதை எதிர்பார்த்துச் செலவுக் கணக்கு எழுதுதல் தகாது. ஆயினும் முதியோருக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கும் முறை உண்டு. பதிவு செய்யும்போதே வயதைச் சரியாகக் குறித்துக் கேட்டல் வேண்டும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமாயின் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

திரும்பும் வண்டி பிற்பகலில் ஆலப்புழையை விட்டுப் பின்னிரவில் காட்பாடி வரும். பெண்களோடும் குழந்தைகளோடும் அந்நேரத்தில் பேருந்து தேடி அலையாமல், விடியும்வரை நிலையத்தின் காத்திருப்பு அறையில் தங்கிப் பின் புறப்படுதல் நல்லது. வண்டி நேரங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. பதிவின்போது ஒருமுறை, புறப்படும் முன்னாள் ஒருமுறை சரிபார்த்தல் அவசியம்.

மூட்டை சிறுக்கட்டும்

படகில் ஏறவும் இறங்கவும் ஒரு கை எப்போதும் வெறுமையாய் இருத்தல் வேண்டும். ஆகவே ஒருவருக்கு ஒரு தோள் பை, அதற்குமேல் வேண்டாம். எளிதில் உலரும் ஆடைகள், வழுக்காத காலணி, குடை, தொப்பி, கொசுத் தைலம், முதியோரின் மருந்து, மருத்துவர் சீட்டின் படி, அனைவரின் அடையாள அட்டை ஆகியவை போதும். பணத்தையும் கைப்பேசியையும் நீர் புகாத உறையில் இட்டு வைக்கலாம். குழந்தைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

அங்கே உணவுக்கு அமர்ந்தால் செம்மை நிறத்தில் வெந்நீர் தருவர். தேநீர் என்று எண்ணிச் சர்க்கரை கேட்க வேண்டாம். பதிமுகப் பட்டை இட்டுக் கொதிக்கவைத்த குடிநீர் அது. நீர் சூழ்ந்த நாடாயினும் குட்டநாட்டில் குடிநீர் அருமையானது. கால்வாய் நீரைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்க.

எந்தப் படகு?

இதுவே முதன்முறை செல்வோரின் பெருங்கேள்வி. எங்கள் பட்டறிவைக் கொண்டு சொல்வதாயின், முதலில் ஏற வேண்டியது வீட்டுப்படகு அன்று, ஊர்ப்படகு.

கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை, பேருந்தைப்போலவே கால்வாய்களிலும் காயலிலும் படகுகளை இயக்குகிறது. அரசுப் பேருந்து நிலையத்தை அடுத்தே ஆலப்புழைப் படகுத்துறை அமைந்திருக்கிறது. நெடுமுடி, காவாலம், புளிங்குன்று, கோட்டயம் முதலிய இடங்களுக்கு அங்கிருந்து படகுகள் செல்லும். கட்டணம் பேருந்துக் கட்டணத்தை ஒத்தது. கோட்டயத்திற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம்; சில வேளைகளில் அப்படகு காஞ்சிரம் என்னுமிடத்தோடு நின்றுவிடுவதுண்டு; ஏறுமுன் கேட்டறிக. பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்குச் செல்லும் பெண்கள், அலுவலர், அருட்சகோதரியர் ஆகிய அனைவரும் ஏறி இறங்கும் படகு அது. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் படித்துறை. படித்துறையே அவர்களின் தெருத் திண்ணை. சிறு படகில் வந்து அரிசி மூட்டையை இறக்குகிறார் ஒருவர். அஞ்சல்காரரும் படகில் வருகிறார். பெருந்தொகை கொடுத்தாலும் கிட்டாத காட்சி இது.

அதன் பின்னும் ஆசையிருப்பின், ஒரு சில மணி நேரம் சிறு சுற்றுலாப் படகை அமர்த்தலாம். மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் குழுவின் அலுவலகத்தில் கட்டண விவரம் கேட்டறியலாம். வீட்டுப்படகே வேண்டுமெனின், அதன் வரலாறும் அறியத்தக்கது. ஆணியின்றி, ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னைக் கயிற்றால் தைத்துக் கட்டிய 'கெட்டுவள்ளம்' ஒருகாலத்தில் நெல் சுமந்தது. சாலைகளும் பாலங்களும் வந்தபின் அதன் சுமை குறைந்தது; பின்னர் அதன்மேல் அறைகள் எழுந்து சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கலாயிற்று. அமர்த்துமுன் ஐந்து கேள்விகள் கேட்டல் வேண்டும். படகு எத்தனை மணி நேரம் ஓடும்? உணவு கட்டணத்தில் அடங்குமா? உரிமச் சான்று உண்டா? எத்தனை பேருக்கு உரிமம்? அத்தனை பேருக்கும் உயிர்காப்புச் சட்டை உண்டா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் விடை தருபவரிடமே பேசுக. நிலைய வாயிலில் கைபற்றி இழுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

டிசம்பர் நடுவில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகள் அடைக்கப்படுவது வழக்கம். 1976-இல் செயற்பட வந்த அவ்வணை, கடலின் உப்புநீர் வயலுக்குள் புகாமல் காக்கிறது. ஆனால் நீரோட்டம் தடைப்படுவதால் ஆகாயத்தாமரை பெருகிக் கால்வாய்களை அடைப்பதும் உண்டு. அக்காலத்தில் படகு சற்றே தாமதித்தால் பொறுமை காத்தல் வேண்டும்.

பாட்டி ஏறாத படகு

இரண்டாம் நாள் மாலை நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சூரியன் மறைவதைக் காயலில் இருந்து காண வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தனர். தனியார் படகொன்றைப் பேசி ஐந்நூறு ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார் எங்களுள் ஒருவர். துறையில் வந்து நின்றதோ ஆறு பேருக்கான படகு. நாங்கள் பதினொருவர். உயிர்காப்புச் சட்டைகள் நான்கே இருந்தன. படகோட்டி நல்ல மனிதர்தாம், "அம்மச்சி, பயம் வேண்டா. நான் தினமும் ஓட்டுறேன்" என்று அன்போடு கை நீட்டினார்.

பாட்டி துறையின் கல்லில் அமர்ந்துவிட்டார். "தம்பி, உன்மேல குறை இல்லப்பா. ஆறு பேரு படகுன்னு எழுதியிருக்குதே, அதுக்குமேல ஏத்துனா நான் ஏற மாட்டேன். புள்ளைங்களையும் ஏத்த விடமாட்டேன்" என்றார்.

"பணம் குடுத்தாச்சு அம்மா" என்றார் மகன்.

"பணம் போனா போவுதுடா. திரும்பி வந்து சம்பாரிக்க ஆள் வேணுமில்ல?"

பிள்ளைகள் அழுதனர். நாங்கள் வெட்கத்தோடு நின்றோம். ஐந்நூறு ரூபாயை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தோம். அன்று அந்தப் படகுக்கு ஒன்றும் நேரவில்லை. வேறொரு கூட்டத்தை ஏற்றிச்சென்று பத்திரமாகவே திரும்பியது. அப்படியாயின் பாட்டி செய்தது வீண்தானோ? இல்லை. 2002 ஜூலை 27-ஆம் நாள் முகம்மாவிலிருந்து குமரகத்திற்குச் சென்ற படகு இதே வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் உயிரிழந்தனர். தேர்வெழுதச் சென்ற இளைஞர் பலர் அதில் இருந்தனர். 2023 மே 7-ஆம் நாள் மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அவ்விரு படகுகளும் அதற்கு முந்திய நாள்களில் பத்திரமாகத் திரும்பியவைதாமே? நேற்றுத் திரும்பியது என்பது இன்றைக்குச் சான்று ஆகாது. 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவைக் குடும்பத்தில் ஒருவரேனும் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வாறு சொல்பவரைக் கோழை என்று ஏனையோர் நகைத்தல் கூடாது. பயணத் திட்டத்தின் முதல் வரியாக இதை எழுதிக்கொள்க.

கைனகரியில் ஒரு முற்பகல்

அதே சனிக்கிழமை காலை நாங்கள் ஊர்ப்படகில் கைனகரிக்குச் சென்றிருந்தோம். 1805 பிப்ரவரி 10-ஆம் நாள் சாவறா அடிகளார் பிறந்த இல்லம் அங்கே பேணப்பட்டு வருகிறது. 2014 நவம்பர் 23-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். கோயில்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1864-இல் ஆணையிட்டவர் அவர். வறிய பிள்ளைகள் பசியோடு படிக்கலாகாது என்று, வீடுதோறும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் 'பிடியரி' வழக்கத்தை வளர்த்தவரும் அவரே. 1868-இல் தம் ஊராகிய கைனகரிப் பங்கு மக்களுக்கு, குடும்பம் நடத்தும் முறையைப் பற்றி, ஒரு நல்ல தந்தையின் இறுதி அருளுரையாக நீண்ட மடல் ஒன்றும் எழுதினார். குடும்ப ஏடொன்றைப் படிக்கும் நமக்கு அம்மடல் பிறந்த காரணத்தை விளக்க வேண்டுமோ?

படகிலிருந்து இறங்கும்போது பாட்டியின் கால் தடுமாறியது. பக்கத்தில் நின்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி, கேளாமலே கை கொடுத்தாள். மொழி தெரியவில்லை, தேவையும் படவில்லை. இல்லத்தின் உள்ளே பாட்டி எதுவும் பேசவில்லை. நெடுநேரம் அமர்ந்திருந்தார். வெளியே வந்ததும், "சின்ன வீடுதான்" என்றார். அவ்வளவுதான். நாற்பது ஆண்டு ஆசை நிறைவேறியதை அவர் சொன்ன விதம் அது.

நேரமுள்ளோர் சம்பக்குளத்துப் புனித மரியன்னை பசிலிக்காவையும் காணலாம். மிகத் தொன்மையான திருச்சபை அது என்பது அப்பகுதி மக்களின் மரபு. ஞாயிறு காலை நாங்கள் அர்த்துங்கலில் திருப்பலி கண்டு, பிற்பகல் வண்டிக்குத் திரும்பினோம். ஆலப்புழைப் பகுதியில் இலத்தீன் வழிபாட்டு முறைக் கோயில்களும் சீரோ மலபார் முறைக் கோயில்களும் அருகருகே உள்ளன. சடங்குகளும் செபங்களும் மாறுபட்டுத் தோன்றினும் இரண்டும் நம் திருச்சபையே. எதில் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறும். நேரத்தை மட்டும் முன்னாளே கேட்டறிக.

விருந்தினர் மரபு

இறுதியாக ஒன்று. கால்வாய் நமக்குக் காட்சி. அங்கு வாழ்வோருக்கோ அது தெரு, கிணற்றடி, சலவைத் துறை. படித்துறையில் குளிக்கும் பெண்களை நோக்கிப் புகைப்படக் கருவியைத் திருப்புதல் பண்பாடன்று. நம் வீட்டுக் கிணற்றடியில் அயலார் அவ்வாறு செய்தால் பொறுப்போமா? தின்பண்ட உறையையும் புட்டியையும் நீரில் எறியாமல் பையில் இட்டுக் கரைக்குக் கொண்டுவரும்படி பிள்ளைகளைப் பழக்குக. ஊர்ப்படகில் முதியோர் வந்தால் எழுந்து இடம் தருக.

திங்கட்கிழமை விடியலில் காட்பாடியில் இருந்து புறப்பட்டு, மலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது பொதுப் பெட்டியின் கணக்கைப் பார்த்தோம். ஐந்தாம் உறையில் பணம் மீதமிருந்தது. பாட்டி விட்டுவரச் சொன்ன ஐந்நூறு மட்டுமே அதிலிருந்து குறைந்திருந்தது. அதைச் செலவு என்று எழுதுவதா, இழப்பு என்று எழுதுவதா எனக் கணக்கெழுதும் மருமகள் கேட்டார். 'சேமிப்பு' என்று எழுதச் சொன்னோம்.